மாடு ஓட்டிய தடத்தில் 517 கிலோமீட்டர்

பேர்ட்ஸ்வில் தடம் யாரோ திட்டம் போட்டு அமைத்த சாலை அல்ல. மாடுகள் நடந்து நடந்து உண்டான வழி அது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், வெள்ளம் பாய்ந்தால் மட்டும் புல் செழிக்கும் பெரிய மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. அங்கே கொழுத்த மாடுகளைச் சந்தைக்கு அனுப்ப ரயில் வேண்டும். ரயிலோ தெற்கே, தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தின் மரீ என்ற சிற்றூர் வரைதான் வந்திருந்தது. அதனால் 1880-களில் இருந்து மாடுகளை நடத்தியே கொண்டுபோனார்கள். எல்லையில் உள்ள பேர்ட்ஸ்வில் ஊரிலிருந்து மரீ வரைக்கும் 517 கிலோமீட்டர். வழி நெடுகப் பாலைவனம்.

இன்று அந்தத் தடத்தில் மாடுகள் நடப்பதில்லை, லாரியில் போகின்றன. கூடவே, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் ஜீப்புகளும் போகின்றன. தார் கிடையாது. மண்ணும் சரளையும்தான். நல்ல வண்டி இருந்தால் ஒரே நாளில் கடந்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. கடந்துவிடலாம்தான். ஆனால் இந்தத் தடம் ஆளைக் கொன்றதும் உண்டு. அப்படி இறந்தவர்களின் கதையைப் பார்த்தால், வண்டி ஓட்டத் தெரியாததைவிடத் தண்ணீர் கணக்குத் தெரியாததே பெரிய காரணமாக நிற்கிறது.

ஒரு விவசாயிக்கு முதலில் எழும் கேள்வி இதுதான்: பாலைவனத்தின் நடுவே நூற்றுக்கணக்கான மாடுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பூமிக்கு அடியிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பாதிக்குக் கீழே, சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு நிலத்தடி நீர்ப் படுகை இருக்கிறது. மணற்பாறை அடுக்குகளுக்குள் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் நீர் அது. துளை போட்டால் பல இடங்களில் மோட்டார் இல்லாமலே மேலே பொங்கி வரும். 1890-களில் அரசாங்கம் இந்தத் தடத்தை ஒட்டி, ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு ஒன்றாக ஆழ்துளைக் கிணறுகள் போடத் தொடங்கியது. மாட்டு மந்தை இரண்டு மூன்று நாளில் நடந்து கடக்கிற தூரம் அது. தடம் உயிரோடு இருந்தது அந்தக் கிணறுகளால்தான்.

அந்தத் தண்ணீர் சுடும். பேர்ட்ஸ்வில் ஊரின் கிணறு சுமார் 1,280 மீட்டர் ஆழம், அதாவது 4,200 அடி. வெளியே வரும்போது 98 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டைக் கொண்டு ஊருக்குக் கொஞ்சம் மின்சாரம் கூட 2018 வரை எடுத்தார்கள். ஆற வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

முன்பு இந்தக் கிணறுகளின் வாயைத் திறந்தே விட்டிருந்தார்கள். தண்ணீர் மண் வாய்க்காலில் மைல் கணக்கில் ஓடியது. அதில் 90 சதவீதத்துக்கு மேல் வெயிலில் ஆவியாகவும், மண்ணில் ஊறியும் வீணானது. படுகையின் அழுத்தம் குறையத் தொடங்கிய பிறகுதான் விழித்துக்கொண்டு, கிணறுகளுக்கு மூடியும் வால்வும் போட்டு, குழாயில் தொட்டிக்குக் கொண்டுபோனார்கள். நல்ல காரியம், தாமதமாகச் செய்தது. ஆனால் பயணிக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பழைய வரைபடத்தில் கிணறு என்று போட்டிருக்கும் இடத்தில் இன்று தண்ணீர் இருக்கும் என்று நம்பக் கூடாது. மூடியிருக்கலாம், தூர்ந்திருக்கலாம், உப்பாக இருக்கலாம், கையை வைக்க முடியாத கொதிநீராகவும் இருக்கலாம். குடிநீர் முழுவதையும் வண்டியிலேயே ஏற்றிக்கொள்வது ஒன்றுதான் வழி.

வெள்ளைக்காரர்கள் துளை போடுவதற்கு வெகு காலம் முன்பே இங்கே மனிதர்கள் தண்ணீரைப் படித்துத்தான் வாழ்ந்தார்கள். தடத்தின் மேற்கே உள்ள சிம்ப்சன் பாலைவனத்தில் வங்கங்குரு என்ற பூர்வகுடி மக்கள், மணற்குன்றுகளுக்கு இடையே குறுகலாகவும் ஆழமாகவும் கிணறு தோண்டி வைத்திருந்தார்கள். அவற்றுக்கு மிகிரி என்று பெயர். எந்த மிகிரியில் எப்போது நீர் இருக்கும் என்பது பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த அறிவு. ஒரு மிகிரியிலிருந்து அடுத்த மிகிரிக்குப் போவதுதான் அவர்களுடைய பாதை.

கல், மணல், புழுதி

தடம் முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வடக்கில் ஸ்டர்ட் கல் பாலைவனம் வருகிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் சிவந்த, பளபளப்பான கற்கள் பரப்பியது போல இருக்கும். உள்ளூரில் கிப்பர் என்பார்கள். பார்க்க அழகுதான். டயருக்கு எமன். காற்று இறுக்கமாக அடைத்த டயர் கூர்மையான கல்லின் மேல் ஏறும்போது வளைந்து கொடுக்காது, கிழியும். அதனால் தார்ச் சாலையில் 36 முதல் 40 வரை வைக்கும் காற்றழுத்தத்தை, சரளையில் 26 முதல் 30 என்று குறைத்துக்கொள்கிறார்கள். மணலில் சிக்கினால் 15, 18 என்று இன்னும் இறக்க வேண்டும். டயர் தட்டையாகிப் பரந்து நிற்கும், மணலில் புதையாது. காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைத்தாக வேண்டும். இல்லையென்றால் டயரின் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். திரும்ப ஏற்றிக்கொள்ள ஒரு சிறிய கம்ப்ரசரும், ஒன்றுக்கு இரண்டாக ஸ்டெப்னியும் கட்டாயம் வேண்டும்.

இன்னொரு தொல்லை, சாலையின் குறுக்கே வரிவரியாக விழும் மேடு பள்ளம். வண்டிகளின் சக்கரம் துள்ளித் துள்ளி, துணி துவைக்கும் பலகை போல ஆகிவிடும். மெதுவாகப் போனால் எலும்பு குலுங்கும். வேகமாகப் போனால் வரிகளின் உச்சியில் மிதந்து போவது போல இதமாக இருக்கும், ஆனால் டயர் மண்ணைத் தொடுவதே குறைந்துவிடும். அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தாலோ திடீரென்று ஸ்டியரிங்கை ஒடித்தாலோ வண்டி சறுக்கிப் புரளும். முன்னால் எந்த வண்டியும் இல்லாத சாலையில் ஒற்றை வண்டி உருண்டு கிடப்பதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. வெறும் சாலைதான் ஓட்டுகிறவரை அந்த வேகத்துக்கு இழுக்கிறது.

மாவு போன்ற புழுதி நிறைந்த குழிகளும் உண்டு. மேலிருந்து பார்த்தால் சமதரை. சக்கரம் இறங்கிய பிறகுதான் ஆழம் தெரியும்.

எதிரே புழுதி மேகம் தெரிந்தால், பெரும்பாலும் அது மூன்று டிரெய்லர்களை இழுத்து வரும் லாரி. ரோடு டிரெயின் என்பார்கள். 53.5 மீட்டர் நீளம் வரை அனுமதி உண்டு. நான்கைந்து பஸ்களை வரிசையாகக் கோத்தது போல. சட்டென்று நிற்க அதனால் முடியாது. இடது ஓரம் ஒதுங்கி நின்று, அது போய்ப் புழுதி அடங்கும் வரை காத்திருப்பதே முறை. புழுதிக்குள் முந்தப் பார்ப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

பண்ணைகளுக்குப் பெரும்பாலும் சாலையோர வேலி கிடையாது. வழியில் உள்ள கிளிப்டன் ஹில்ஸ் என்ற ஒரே பண்ணை சுமார் 17,000 சதுர கிலோமீட்டர், நம் கணக்கில் 42 லட்சம் ஏக்கர். இன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைப் போல ஐந்து மடங்கு. ஆண்டுக்கு 200 மி.மீ. கூடப் பெய்யாத நிலத்தில் மாட்டுக்கு அவ்வளவு இடம் தேவைப்படுகிறது. இத்தனை பெரிய பரப்பில் சாலைக்கு வேலி போட்டுக் கட்டுப்படி ஆகாது. இரவில் சூடு தங்கிய சாலை ஓரத்தில் மாடு படுத்திருக்கும். கங்காரு விடியலிலும் அந்தியிலும் நடமாடும். குறுக்கே பாய்ந்தால் ஒடிக்காமல், நேராக பிரேக் பிடிப்பதே உயிருக்கு நல்லது. அதைவிட நல்லது, பொழுது சாய்வதற்குள் வண்டியை நிறுத்திவிடுவது.

இரும்புத் தகடு போட்டுக் கடந்தவர்

இந்தத் தடத்தில் வண்டி ஓட்டியவர்களில் பேர் பெற்றவர் டாம் குரூஸ். சினிமா நடிகர் அல்ல, தபால் லாரிக்காரர். 1914-ல் பிறந்து 2011-ல் மறைந்தவர். 1936 முதல் சுமார் கால் நூற்றாண்டு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை மரீயிலிருந்து பேர்ட்ஸ்விலுக்கு லாரி ஓட்டினார். தபால் மட்டுமா? மாவு, சர்க்கரை, மருந்து, பெட்ரோல், கம்பி, ஆள் என்று பண்ணைகளுக்கு வேண்டியது எல்லாம் அந்த லாரியில்தான். மணற்குன்று வந்தால் லாரியிலிருந்து கனமான இரும்புத் தகடுகளை இறக்கிச் சக்கரத்துக்கு முன்னால் போடுவார். லாரி ஏறித் தாண்டியதும், பின்னால் கிடக்கும் தகட்டை எடுத்து மறுபடி முன்னால். 1954-ல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்து வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. ஏர் கண்டிஷன் ஜீப்பில் போகிறவர்கள் அந்தப் படத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் போவது நல்லது.

அவருக்கும் முன்னால் இங்கே சரக்குச் சுமந்தவை ஒட்டகங்கள். ஒட்டகங்களோடு வந்தவர்களை எல்லாம் ஆப்கானியர் என்றே அழைத்தார்கள். உண்மையில் அவர்களில் பலர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். மரீயில் மண்ணால் மசூதி கட்டிக்கொண்டு குடியிருந்தார்கள். ஊரில் பேரீச்ச மரங்களை இன்றும் காணலாம். வடக்கே லேக் ஹாரி என்ற இடத்தில் அரசாங்கமே பேரீச்சந்தோப்பு போட்டுப் பார்த்தது. அது தொழிலாக நிலைக்கவில்லை.

வானம் தெளிந்திருக்க, வெள்ளம் வரும்

பாலைவனத்தில் மழை வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஓட்டுநர் மட்டும் அதை வேண்டுவதில்லை. சில மில்லி மீட்டர் மழையே போதும், களிமண் பகுதி பசையாகிவிடும். கரிசல் காட்டில் மழை நாளில் வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்ததும் அதிகாரிகள் தடத்தை மூடிவிடுவார்கள். ஊர் எல்லையில் பெரிய பலகை இருக்கும். எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று அதில் காட்டுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம் கடுமை. அதில் நியாயமும் உண்டு. ஈரத்தில் ஒருவர் ஓட்டிய சக்கரத் தடம் காய்ந்து, அடுத்த முறை சீர் செய்யும் வரை எல்லோருக்கும் பள்ளமாக நிற்கும். பண்ணைக் குடும்பங்களுக்குச் சரக்கு வருவதும் அதே சாலையில்தான்.

கூப்பர் ஓடை இன்னும் விசித்திரம். பல ஆண்டுகள் வறண்ட மணலாகக் கிடக்கும். குவீன்ஸ்லாந்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பெருமழை பெய்தால், வாரக்கணக்கில் நகர்ந்து வந்து, ஒரு துளி மழை இல்லாத நாளில் தடத்தை மூழ்கடிக்கும். அப்போது வண்டிகளைப் படகில் ஏற்றித்தான் அக்கரை சேர்ப்பார்கள். 1949 வெள்ளத்தின்போது கொண்டு வந்த படகு இன்றும் ஓடைக்கரையில் நினைவாக நிற்கிறது. 2010-லும் படகு ஓடியது.

இரண்டு டிசம்பர்கள்

1963 டிசம்பரில், மரீயிலிருந்து வடக்கே கிளம்பிய ஒரு குடும்பம் இந்தத் தடத்தில் வழி தவறியது. அப்பா, அம்மா, மூன்று மகன்கள். கார் நின்றுவிட்டது. காரில் ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டுத் தண்ணீர் தேடி நடந்தார்கள். தேடிப் போனவர்களுக்கு முதலில் கிடைத்தது கார். ஐந்து பேரும் அதன் பிறகு, பிணமாகவே கிடைத்தார்கள்.

இரண்டாவது சம்பவம் 1998 டிசம்பரில், மேற்கே ஏர் ஏரிக்கரையில் நடந்தது. வேறு தடம், அதே பாலைவனம். ஆஸ்திரியா நாட்டிலிருந்து வந்த இளம் ஜோடியின் வேன் மணலில் புதைந்தது. சில நாள் காத்திருந்தும் யாரும் வரவில்லை. இருவரும் கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊருக்கு நடக்கத் தொடங்கினார்கள். ஆண் முடியாமல் திரும்பி வண்டிக்கே வந்துவிட்டார். அங்கே பயணிகளுக்காக வைத்த தண்ணீர்த் தொட்டி இருந்தது, பிழைத்தார். பெண் மட்டும் தொடர்ந்து நடந்தார். சுமார் 30 கிலோமீட்டர் நடந்து இறந்து கிடந்தார். மனசை அறுக்கும் செய்தி அதற்குப் பிறகுதான்: போலீஸார் வந்து டயர்களில் காற்றைக் குறைத்து, அதே வண்டியை மணலிலிருந்து ஓட்டி வெளியே எடுத்துவிட்டார்கள்.

இரண்டும் டிசம்பரில் நடந்தது தற்செயல் அல்ல. அங்கே அது கோடையின் உச்சம், பள்ளி கல்லூரிகளுக்குப் பெரிய விடுமுறையும் அப்போதுதான். 1972 டிசம்பர் 24 அன்று பேர்ட்ஸ்விலில் 49.5 டிகிரி பதிவானது. அந்தச் சூட்டில் நடக்கிற மனிதன் மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வையாக இழப்பான். கையில் இரண்டு பாட்டிலோடு கிளம்பியவர் எத்தனை மணி நேரம் தாங்குவார் என்பது வாய்க்கணக்கு. பக்கத்துச் சிம்ப்சன் பாலைவனத்தை இப்போது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடியே வைக்கிறார்கள்.

வண்டி நின்றுவிட்டால் வண்டியோடு இருக்க வேண்டும். விமானத்திலிருந்து தேடுகிறவர் கண்ணுக்கு வண்டி தெரியும், புதர் நிழலில் கிடக்கும் மனிதன் தெரிய மாட்டான். பானட்டைத் தூக்கி வைத்து, தார்ப்பாயை விரித்து நிழல் செய்துகொண்டு பகலில் அசையாமல் இருக்க வேண்டும். விமானச் சத்தம் கேட்டால் ஸ்டெப்னி டயரைக் கொளுத்தலாம், கரும்புகை வெகு தூரம் தெரியும். தாகம் எடுத்தால் குடிக்க வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே மயங்குவதில் பயனில்லை. ரேடியேட்டர் நீரை மட்டும் தொடவே கூடாது, அதில் கலந்திருக்கும் குளிரூட்டும் ரசாயனம் விஷம்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் தண்ணீர். போக வேண்டிய நாளுக்கு மேல் சில நாளுக்கும் சேர்த்து. ஒரே கேனில் வைக்காமல் பல கேன்களில் பிரித்து வைக்க வேண்டும், ஒன்று உடைந்தாலும் மற்றவை நிற்கும். டீசல், பெட்ரோல் மரீயில் உண்டு. 200 கிலோமீட்டர் தாண்டி முங்கரானி என்ற இடத்தில் ஒரு விடுதியும் ஒரு பங்க்கும். அதற்குப் பிறகு 300 கிலோமீட்டருக்கு மேல் பேர்ட்ஸ்வில் வரை எதுவும் இல்லை. மணலிலும் சேற்றிலும் எரிபொருள் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகாயத்தில் வரும் டாக்டர்

வழி நெடுகப் பெரும்பாலும் செல்போன் சிக்னல் கிடையாது. சாட்டிலைட் போன் வாடகைக்குக் கிடைக்கும். அவசர ஒலிபரப்பி என்று உள்ளங்கை அளவில் ஒரு கருவியும் உண்டு. பொத்தானை அழுத்தினால் சாட்டிலைட் வழியாக, இருக்கும் இடம் மீட்புக் குழுவுக்குத் தெரியும். ஜீப்பின் விலையோடு பார்த்தால் இதன் விலை ஒன்றுமில்லை. பம்பருக்கும் கூரை விளக்குக்கும் செலவழித்துவிட்டு இதை வாங்காமல் போகிறவர்களை என்ன சொல்வது?

நோய், விபத்து என்றால் பறக்கும் டாக்டர் சேவை வரும். 1928-ல் குவீன்ஸ்லாந்தின் குளோன்கரி ஊரில் ஒரே விமானத்தோடு தொடங்கியது. ஜான் ஃபிளின் என்ற பாதிரியாரின் முயற்சி. அடுத்த ஆண்டே, மின்சாரம் இல்லாத பண்ணைகளுக்காக, சைக்கிள் போல மிதித்து இயக்கும் ரேடியோவை ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர் செய்து கொடுத்தார். இன்று பண்ணைகளில் விமான ஓடுபாதை இருக்கிறது. எண் போட்ட மருந்துகள் அடங்கிய பெட்டியும் இருக்கிறது. மருந்தின் பெயர் வாயில் நுழையாவிட்டாலும், டாக்டர் போனில் இத்தனாம் எண் மாத்திரை என்று சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடலாம். கிராமத்துக்கு ஏற்ற யோசனை.

பிள்ளைகள் அங்கே இருந்தால்

அங்கே படிக்கவோ வேலைக்கோ போன மகனோ மகளோ "நாலு நாள் போன் எடுக்காதும்மா" என்று சொன்னால், எந்தச் சாலை, என்ன வண்டி, எந்தத் தேதிக்குள் எந்த ஊர் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். வாடகைக் காராக இருந்தால், மண் சாலையில் ஓட்ட அனுமதி உண்டா என்பதையும் கேட்க வேண்டும். பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. மீறி ஓட்டினால் இன்சூரன்ஸ் கிடைக்காது. போவதாக இருந்தால் மே முதல் ஆகஸ்ட் வரை, அங்கே குளிர் காலத்தில், போகலாம். செப்டம்பரில் பேர்ட்ஸ்விலில் குதிரைப் பந்தயம். நூறு பேர் சொச்சம் வாழும் ஊரில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். அப்போது தடத்தில் வண்டி நடமாட்டமும் அதிகம்.

ஆஸ்திரேலியாவின் அவசர எண் 000. அது அந்த நாட்டுக்குள் இருந்து அழைத்தால்தான் வேலை செய்யும், இங்கிருந்து அழைக்க முடியாது. ஆகவே அங்கேயே இருக்கும் நண்பர் ஒருவரிடம் பயண விவரம் முழுவதையும் கொடுத்து, இன்ன நாள் இன்ன மணிக்குள் தகவல் வராவிட்டால் போலீஸுக்குச் சொல்லிவிடு என்று பிள்ளைகள் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அந்த நண்பரின் பெயரும் எண்ணும் வீட்டு காலண்டரில் இருக்கட்டும். ஊர் போய்ச் சேர்ந்ததும் அவரை அழைத்துச் சொல்ல மறந்துவிட்டால், ஆளில்லாத பாலைவனத்தில் ஹெலிகாப்டர் தேடத் தொடங்கிவிடும்.